குறிகட்டுவானைத் தாண்டாத மாவட்டக் கோட்டா

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் ஒவ்வொரு முறையும் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளின் முன்பக்கம் மாவட்ட மட்டத்தில் முன்னிலை பெற்றவர்களின் படங்களால் நிறையும். படங்களுக்குக் கீழே வரும் பாடசாலைப் பெயர்களும் நமக்குப் பழகியவைதான். யாழ் இந்து, வேம்படி, ஹாட்லி, சுண்டிக்குளி என்று அவை நகரையும் குடாநாட்டின் பெரிய ஊர்களையும் விட்டு விலகுவதில்லை. மருத்துவம், பொறியியல் என்று வரும்போது நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு முதலான தீவகப் பாடசாலைகளின் பெயரைக் காண்பது அரிது. அங்குள்ள பிள்ளைகள் கெட்டித்தனத்தில் குறைந்தவர்கள் என்று எவரும் சொல்லமாட்டார்கள். தூரம், வறுமை, ஆசிரியர் பற்றாக்குறை என்று நாலு காரணத்தைச் சொல்லிவிட்டு அடுத்த பெறுபேறு வரும்வரை மறந்துவிடுவோம். ஆனால் இந்தக் குறையில் ஒரு பகுதி வெறும் நிர்வாகத் தவறு, திருத்தக்கூடியது. பின்தங்கிய இடத்துப் பிள்ளைக்கென்று பல்கலைக்கழக அனுமதியில் அரசு ஒதுக்கும் ஆசனங்கள் மாவட்டம் என்ற அலகால் அளக்கப்படுகின்றன. அந்த அளவுகோல் தீவுகளுக்குப் படகேறும் குறிகட்டுவான் இறங்குதுறையைத் தாண்டுவதில்லை. அந்த அலகை மாவட்டத்திலிருந்து பாடசாலைக்கு மாற்ற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் நடைமுறையைப் பார்ப்போம். மூன்று பாடங்களிலும் சித்தியடைவது பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கான அடிப்படைத் தகுதி. அண்மைய ஆண்டுகளில் அந்தத் தகுதியைப் பெறுவோர் ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைப்பதோ ஏறத்தாழ 40,000 முதல் 45,000 பேருக்கு. அதாவது தகுதி பெற்றவர்களில் நால்வரில் ஒருவருக்கே கதவு திறக்கிறது. யாருக்குத் திறப்பது என்பதை இசட் புள்ளி தீர்மானிக்கிறது. ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளி, நாடு முழுவதும் அப்பாடத்துக்குத் தோற்றியவர்களின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை அது சொல்லும். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத ஆசனங்கள் அகில இலங்கைத் திறமை வரிசையிலும், 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படியும், எஞ்சிய 5 வீதம் வரை கல்வியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. யாழ்ப்பாணமும் அந்த 16இல் ஒன்று. எனவே வெளிப்பார்வைக்குத் தீவகப் பிள்ளைக்கு மூன்று வழிகளும் திறந்தே இருக்கின்றன.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்பதைத் தமிழருக்கு நினைவூட்டத் தேவையில்லை. 1971ஆம் ஆண்டு அனுமதியில் மொழிவாரித் தரப்படுத்தல் நுழைந்தது. மருத்துவத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவர் 400க்கு 229 புள்ளி பெற்றால் போதும் என்றிருக்க, தமிழ்மொழி மூல மாணவர் 250 பெறவேண்டியிருந்தது. 1974இல் மாவட்டக் கோட்டா வந்தது. கொழும்போடு சேர்த்து வசதி படைத்த மாவட்டமாகக் கணிக்கப்பட்ட யாழ்ப்பாணம் பெருமளவு ஆசனங்களை இழந்தது. அந்த இழப்பின் கோபம் இலங்கையின் அரசியலை எங்கே கொண்டுபோய் விட்டது என்பது வரலாறு. அதே வேளையில் மன்னார், வவுனியா, மட்டக்களப்பு மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் சிலர் முதல் தடவையாகப் பல்கலைக்கழகம் போனதும் அதே மாவட்ட முறையால்தான். இரண்டும் உண்மை. மொழியை அலகாக வைத்தது ஓர் இனத்தைத் தண்டித்தது. மாவட்டத்தை அலகாக வைத்தது சிலரைத் தூக்கிவிட்டது, சிலரைத் தள்ளிவிட்டது. எந்த அலகை எடுக்கிறோமோ அதற்கேற்பவே ஒதுக்கீட்டின் நியாயமும் அநியாயமும் அமைகின்றன.

இதற்கு நம் வீட்டு வாசலிலேயே சான்று இருக்கிறது. 1984 வரை கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதி. வயல்வெளிக் குடியேற்றம் ஒன்றில் கூரையில்லா வகுப்பில் படித்த பிள்ளையும் யாழ் நகரின் நூற்றாண்டு கண்ட கல்லூரியில் படித்த பிள்ளையும் ஒரே மாவட்ட வரிசையில் நின்றார்கள். கிளிநொச்சி தனி மாவட்டமான பிறகு அதற்கென்று ஒதுக்கீடும் அதற்கென்று வெட்டுப்புள்ளியும் வந்தன. இன்று மருத்துவத்துக்கான யாழ் மாவட்ட வெட்டுப்புள்ளியையும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களின் வெட்டுப்புள்ளிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரு நிர்வாக எல்லைக்கோடு எத்தனை பிள்ளைகளின் வாழ்க்கையை மாற்றியிருக்கிறது என்பது விளங்கும். கிளிநொச்சிப் பிள்ளையின் பின்தங்கல் 1984இல் பிறந்ததல்ல. அது அளக்கப்படத் தொடங்கியது அப்போதுதான். தீவகத்தின் பின்தங்கல் இன்றும் அளக்கப்படாமல் யாழ் மாவட்டச் சராசரிக்குள் கரைந்து கிடக்கிறது.

கணக்கைப் போட்டால் இது இன்னும் தெளிவாகும். 1,000 ஆசனங்கள் உள்ள ஒரு கற்கைநெறியை எடுத்துக்கொள்வோம். 400 திறமைக்கு, 550 மாவட்டங்களுக்கு, 50 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் சனத்தொகை ஏறத்தாழ 203 லட்சம்; யாழ் மாவட்டத்தினது 5 லட்சத்து 83 ஆயிரம். 550இல் யாழ்ப்பாணத்தின் பங்கு 16 அளவில் வரும். பின்தங்கிய 16 மாவட்டங்களின் மொத்தச் சனத்தொகை ஏறத்தாழ 83 லட்சம் என்பதால், அந்த 50 ஆசனங்களில் யாழ்ப்பாணத்துக்கு மூன்று அல்லது நான்கு கிடைக்கும். அந்த நான்கு ஆசனங்கள் யாருக்குப் போகின்றன என்பதுதான் கேள்வி. மாவட்டப் பட்டியலில் 16ஆம் ஆளுக்கு அடுத்து நிற்கும் 17, 18, 19, 20ஆம் ஆட்களுக்குப் போகின்றன. முன்னே நின்ற 16 பேர் எந்தப் பாடசாலைகளிலிருந்து வந்தார்களோ, மயிரிழையில் பின்தங்கிய அடுத்த நால்வரும் பெரும்பாலும் அதே பாடசாலைகளிலிருந்தே வருவார்கள். பின்தங்கியவர்களுக்கென்று அரசு எடுத்துவைத்த ஆசனம் அந்த மாவட்டத்தின் மிகச் சிறந்த பாடசாலையின் அடுத்த வாங்கில் இருப்பவருக்குப் போய்ச் சேர்கிறது. அவரில் குற்றமில்லை. அவருக்காக அந்த 5 வீதம் உருவாக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

அந்த வரிசைக்குத் தீவகப் பிள்ளை வந்து சேரும் பாதையைப் பாருங்கள். வேலணையும் புங்குடுதீவும் தாம்போதிகளால் குடாநாட்டோடு இணைந்தவை. பஸ் குறிகட்டுவானோடு நின்றுவிடும். அங்கிருந்து நயினாதீவுக்குக் குறுகிய படகுப் பயணம். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் ஊர்காவற்றுறையிலிருந்து படகேற வேண்டும். குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை ஆகிய படகுகள் ஓடுகின்றனவா, பழுதாகிக் கிடக்கின்றனவா என்பதைப் பொறுத்தே நெடுந்தீவில் ஒரு நாளின் திட்டம் அமையும். 1990களின் தொடக்கத்தில் போர் தீவகத்தைப் பெரும்பாலும் வெறுமையாக்கியது. போனவர்களில் பலர் திரும்பவில்லை. மாணவர் தொகை குறைந்தால் ஆசிரியர் ஆளணி குறையும். ஆளணி குறைந்தால் பாடங்கள் குறையும். பாடங்கள் குறைந்தால் எஞ்சிய குடும்பங்களும் பிள்ளையின் படிப்புக்காக யாழ்ப்பாணம் போகும். இந்தச் சுழற்சி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது.

நாட்டின் 10,000க்கு மேற்பட்ட அரச பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகளை நடத்தும் 1ஏபி வகைப் பாடசாலைகள் ஏறத்தாழ 1,000 மட்டுமே. 1சி பாடசாலைகளில் கலையும் வர்த்தகமும் இருக்கும், விஞ்ஞானம் இராது. இரண்டாம் வகைப் பாடசாலை தரம் 11 உடன் முடிந்துவிடும். கடல் கடந்த தீவொன்றில் வளரும் பிள்ளை பௌதிகவியலும் இரசாயனவியலும் படிக்க விரும்பினால், க.பொ.த. சாதாரண தரத்தோடு வீட்டைவிட்டு வெளியேறி யாழ் நகரில் உறவினர் வீட்டிலோ விடுதியிலோ வாடகை அறையிலோ தங்க வேண்டும். மீன்பிடியையும் கூலி வேலையையும் நம்பிய குடும்பத்துக்கு அந்தச் செலவே பெரும் மதில். அதைத் தாண்ட முடியாத பிள்ளை, ஊரில் எந்தப் பிரிவு இருக்கிறதோ அதைப் படிக்கிறது. அதைத் தெரிவு என்று சொல்வது நியாயமாகாது. மருத்துவராவதா பொறியியலாளராவதா என்ற கேள்வி, உயர்தரப் பரீட்சை மண்டபத்துக்கு வரும் முன்பே பதினாறு வயதில் முடிந்துவிடுகிறது. கெட்டிக்காரப் பிள்ளைக்கு அதற்கும் முன்பே, தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேற்றோடு நகரப் பாடசாலையின் அழைப்பு வந்துவிடும். போகிறவர் நகரப் பாடசாலையின் பெறுபேற்றுக் கணக்கில் சேர்வார். போகாதவருக்குப் போட்டிபோட ஒரு வகுப்புத் தோழர் குறைவார்.

பரீட்சைக்குப் பிறகும் பாதை சமமாவதில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் நூற்றுக்கு மேற்பட்ட கற்கைநெறிகள் இருக்கின்றன. அவற்றை விருப்ப ஒழுங்கில் வரிசைப்படுத்தி இணையவழியில் விண்ணப்பிக்க வேண்டும். சில கற்கைநெறிகளுக்குத் தனியாக உளச்சார்புப் பரீட்சை உண்டு. அதற்கான அறிவித்தலும் முடிவுத் திகதியும் வேறு. ஒரே இசட் புள்ளி பெற்ற இருவரில் ஒருவர் வரிசையைச் சரியாக அமைத்துத் தனக்குப் பொருந்திய துறைக்குள் நுழைவார். மற்றவர் கேள்விப்பட்ட நான்கு பெயர்களை எழுதிவிட்டு வெளியே நிற்பார். நகரப் பாடசாலையில் இதைச் சொல்லித்தரப் பழைய மாணவர் சங்கமும், மூத்த மாணவரும், ரியூசன் ஆசிரியரும் இருக்கிறார்கள். பத்து ஆண்டில் ஒருவரோ இருவரோ பல்கலைக்கழகம் போன தீவில் யாரைக் கேட்பது? இத்தனைக்கும் மேலாகப் பரீட்சைக் காலமும் அண்மைய ஆண்டுகளில் மாரியோடு மோதியிருக்கிறது. 2024ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை நவம்பர் 25இல் தொடங்கி, சில நாட்களுக்குள் மழை, வெள்ளத்தால் இடைநிறுத்தப்பட்டது. அந்த மழை நாடு முழுவதற்கும் பொது. வடகீழ்ப் பருவக் காற்றில் படகு நிற்பது தீவகத்துக்கு மட்டும் உரியது.

என்ன செய்யலாம்? புதிய ஆசனம் ஒன்றுகூடத் தேவையில்லை. 40 வீதத் திறமை ஒதுக்கீட்டையோ 55 வீத மாவட்ட ஒதுக்கீட்டையோ தொட வேண்டியதில்லை. பின்தங்கிய மாவட்டங்களுக்கான அந்த 5 வீதத்தை, பின்தங்கிய பாடசாலைகளில் படித்த பிள்ளைகளுக்கான 5 வீதமாக மாற்றினால் போதும். எது பின்தங்கிய பாடசாலை என்று தேடப் புதிய ஆய்வுக்குழுவும் வேண்டாம். கல்வி அமைச்சு ஏற்கனவே பாடசாலைகளைக் கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்று வகைப்படுத்தி வைத்திருக்கிறது. ஆசிரியர் இடமாற்றமும் கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவும் அந்த வகைப்படுத்தலின் மேல்தான் நடக்கின்றன. நெடுந்தீவில் சில ஆண்டுகள் கற்பிக்கும் ஆசிரியரின் கஷ்டத்தை அரசு ஏற்றுக்கொண்டு பணம் கொடுக்கிறது. அதே வகுப்பறையில் பதினொரு ஆண்டுகள் படிக்கும் பிள்ளையின் கஷ்டத்தை ஏற்க மறுத்து, நகரப் பிள்ளையோடு ஒரே வரிசையில் நிறுத்துகிறது. ஒரு அரசின் இரண்டு அமைப்புகள் ஒரே பாடசாலையை இரண்டு விதமாகப் பார்ப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

பாடசாலையை அலகாக வைப்பது முன்மாதிரியற்ற யோசனையும் அல்ல. தமிழ்நாட்டில் நீட் எனப்படும் மருத்துவ நுழைவுத் தேர்வு வந்த பிறகு அரசுப் பள்ளி மாணவர்கள் மருத்துவப் படிப்பிலிருந்து ஏறத்தாழ மறைந்தே போனார்கள். 2020இல் அந்த மாநிலம் சட்டம் இயற்றி, இளநிலை மருத்துவப் படிப்புகளில் 7.5 வீத இடங்களை அரசுப் பள்ளி மாணவருக்கென ஒதுக்கியது. முதல் ஆண்டிலேயே 300க்கு மேற்பட்டோர் உள்ளே போனார்கள். ஏற்கனவே இருந்த சாதி அடிப்படையிலான இட ஒதுக்கீட்டைக் கலைக்காமல் அதற்குள்ளேயே இது அமைந்தது. 2022இல் சென்னை உயர்நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலம் 1997இல் வேறொரு வழியை எடுத்தது. ஒவ்வொரு உயர்நிலைப் பாடசாலையிலும் முதல் பத்து வீதத்துக்குள் வருபவருக்கு மாநிலப் பல்கலைக்கழக அனுமதி உறுதி என்றது. அதன் பின் தலைமைப் பல்கலைக்கழகத்துக்கு அதுவரை பிள்ளைகளை அனுப்பிப் பழகாத ஊர்ப்புறப் பாடசாலைகளும் அனுப்பத் தொடங்கின. பிள்ளையை அவர் படித்த வகுப்பறையோடு ஒப்பிட்டு மதிப்பிடுவதே இரண்டு இடங்களிலும் அடிப்படைக் கொள்கை.

இதற்கு எதிராக எழும் முதல் கேள்வி திறமை பற்றியது. குறைந்த புள்ளி பெற்றவரை எடுத்தால் தரம் கெடாதா? இந்தக் கேள்வியை மாவட்டக் கோட்டாவுக்கு எதிராகவும் ஐம்பது ஆண்டுகளாகக் கேட்கிறார்கள். பதில் எளிது. அடிப்படைத் தகுதி அப்படியே இருக்கும். ஒதுக்கீட்டுக்குள் வரிசையை இசட் புள்ளியே தீர்மானிக்கும். பட்டம் தருவதற்கான பல்கலைக்கழகப் பரீட்சையில் எவருக்கும் சலுகை இல்லை. இசட் புள்ளியும் எல்லாவற்றையும் அளக்கும் கருவியல்ல. இரண்டு பாடங்களின் கடினத்தை ஒப்பிடுவதற்கென்றே அது வந்தது. ஆய்வுகூடம் உள்ள பாடசாலைக்கும் இல்லாத பாடசாலைக்கும் இடையிலான வித்தியாசம் அதற்குத் தெரியாது. 2011ஆம் ஆண்டுப் பெறுபேற்றில் பழைய, புதிய பாடத்திட்ட மாணவரைச் சேர்த்து இசட் புள்ளி கணித்ததை 2012இல் இலங்கை உயர் நீதிமன்றம் செல்லாதென அறிவித்ததை மறக்கக்கூடாது. சமமற்றவர்களை ஒரே தொகுதியாக்கிக் கணக்குப் பார்த்ததே அங்கு நடந்த பிழை. தீவகத்தையும் யாழ் நகரையும் ஒரே தொகுதியாக்குவதும் அந்த வகையைச் சேர்ந்ததே.

இரண்டாவது எதிர்ப்பு நம்மவரிடமிருந்தே வரும். தரப்படுத்தலால் அடிபட்ட சமூகம் இன்னொரு கோட்டாவைக் கேட்கலாமா? யாழ்ப்பாணத்துக்குக் கிடைக்கும் சொற்ப ஆசனத்தையும் இழக்கலாமா? 1971இல் நாம் எதிர்த்தது ஒதுக்கீடு என்ற கருத்தை அல்ல. பிள்ளையின் நிலைமையைப் பாராமல் அவரது மொழியைப் பார்த்ததை எதிர்த்தோம். அந்த நியாயத்தை நமக்குள்ளும் பொருத்திப் பார்க்கும் கடமை நமக்கு உண்டு. இழப்பு இருக்காது என்றும் சொல்லமுடியாது. யாழ் நகரிலும் வவுனியா நகரிலும் உள்ள வசதியான பாடசாலைகளின் சில மாணவர்கள் ஓரிரு ஆசனங்களை இழப்பார்கள். ஆனால் முல்லைத்தீவும் மன்னாரும் கிளிநொச்சியும் கஷ்டப் பிரதேசப் பாடசாலைகள் நிறைந்தவை. அவற்றின் பங்கு அங்கேயே இருக்கும். இன்னொரு பக்கம், இன்று எதுவும் கிடைக்காத தமிழ்ப் பிள்ளைகள் பலர் உள்ளே வருவார்கள். கண்டி, மாத்தளை, கேகாலை மாவட்டங்கள் பின்தங்கிய 16இல் இல்லை. அங்குள்ள தோட்டப் பாடசாலைப் பிள்ளை அந்தந்த மாவட்டத்து நகரங்களின் பெரிய கல்லூரிகளோடு மாவட்ட வரிசையில் மோதுகிறது. பாடசாலை அலகானால் அந்தப் பிள்ளையும் சிங்களக் குக்கிராமத்துப் பிள்ளையும் தீவகப் பிள்ளையோடு சேர்ந்தே பயன்பெறுவார்கள். இனக்கணக்குப் பார்க்காமல் நாடு முழுவதும் ஆதரவு திரட்டக்கூடிய கோரிக்கை இது.

மூன்றாவது, மோசடி. பெயருக்கு ஒரு தீவுப் பாடசாலையில் பதிந்துவிட்டு நகரில் ரியூசன் படித்து ஆசனத்தைப் பறிக்கமாட்டார்களா? நியாயமான பயம். இன்றைய முறையிலும் பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் கற்ற பாடசாலையே மாணவரின் மாவட்டத்தைத் தீர்மானிப்பதால், நுவரெலியா போன்ற இடங்களில் வெளிமாவட்டத்தவர் வந்து பதிவதாக நீண்டகால முறைப்பாடு உண்டு. தமிழ்நாட்டுச் சட்டம் இதற்கு ஒரு பூட்டுப் போட்டது: ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இங்கே அதைவிடப் பொருத்தமான நிபந்தனை, தரம் 6 முதல் 11 வரை கஷ்டப் பிரதேசப் பாடசாலையில் படித்திருக்க வேண்டும் என்பது. உயர்தரத்தை எங்கு படித்தாலும் பரவாயில்லை. விஞ்ஞானம் படிக்க யாழ்ப்பாணம் போன நெடுந்தீவுப் பிள்ளைக்கு இதனால் தண்டனை இல்லை. உயர்தரத்துக்கு மட்டும் தீவில் பெயர் பதியும் நகரப் பிள்ளைக்கு இலாபமும் இல்லை. ஒரு ஆசனத்தை எதிர்பார்த்துப் பதினொரு வயதுப் பிள்ளையை ஆறு ஆண்டுகள் நெடுந்தீவில் படிக்கவைக்கும் பெற்றோர் இருந்தால், அந்தப் பாடசாலைக்கு அதனால் நன்மையே.

கடைசியாக, மிகக் கனமான எதிர்ப்பு: ஒதுக்கீடு எதற்கு, பாடசாலையைத் திருத்துங்கள். இலவசக் கல்வியின் தந்தை கன்னங்கராவின் மத்திய கல்லூரிகள் அந்த எண்ணத்தில்தான் எழுந்தன. கெட்டிக்காரப் பிள்ளை நகரத்துக்குப் போகாமல் நகரத்துக் கல்வி ஊருக்கு வரவேண்டும் என்பது அதன் நோக்கம். வேலணை மத்திய கல்லூரியின் பெயரில் அந்தக் கனவு இன்றும் ஒட்டியிருக்கிறது. பாடசாலையைத் திருத்த வேண்டும் என்பதில் இரண்டாம் கருத்தே இல்லை. தீவகத்தில் விஞ்ஞானப் பிரிவுகள் வலுப்பெற வேண்டும். யாழ் நகரில் தீவக மாணவருக்கு அரச விடுதி வேண்டும். விண்ணப்ப காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் படகேறிப் போய் வழிகாட்ட வேண்டும். ஆனால் எண்பது ஆண்டுகளாகத் திருத்துவோம் என்று சொல்லப்பட்ட வேலை முடியும்வரை காத்திருக்கும்படி இப்போது தரம் 9 படிக்கும் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? இரண்டும் ஒன்றையொன்று தடுப்பவையும் அல்ல. தீவிலிருந்து மருத்துவபீடம் போக வழி இருக்கிறது என்று தெரிந்தால், தரம் 5 உடன் நகரத்துக்குப் புறப்படும் குடும்பங்களில் சிலவாவது தங்கும். பிள்ளைகள் தங்கினால் ஆளணி தங்கும். ஆளணி தங்கினால் பாடங்கள் திரும்பும்.

எனவே மூன்று கோரிக்கைகள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, 5 வீத ஒதுக்கீட்டில் அனுமதி பெற்றவர்கள் எந்தெந்தப் பாடசாலைகளில் கற்றவர்கள் என்ற விபரத்தை ஆண்டுதோறும், பெயர்களின்றி, வெளியிட வேண்டும். ஒதுக்கீடு யாருக்குப் போகிறது என்ற விவாதம் அந்த ஒரு பட்டியலோடு முடிந்துவிடும். கல்வி அமைச்சின் கஷ்டப் பிரதேச வகைப்படுத்தலை அந்த 5 வீதத்தின் அலகாக ஏற்க வேண்டும். வடக்கின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் மலையக, தென்னிலங்கை உறுப்பினர்களோடு சேர்ந்து இதை ஒரு பொதுக் கோரிக்கையாக நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். தேர்தல் காலத்தில் வாக்குக் கேட்டுக் குறிகட்டுவானில் படகேறுகிறவர்கள், அந்தத் தீவுகளின் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆசனம் கேட்டு ஒருமுறையாவது வாய் திறக்கட்டும்.